ஒரு மண்டகப்படி போதும்

நான் எழுதிய முதல் விண்ணப்பத்தில் கேட்ட தொகை 1,80,000 ரூபாய். மேடைக்கும் பந்தலுக்கும் 55,000. மைக்செட்டுக்கும் லைட்டுக்கும் 40,000. ஃப்ளெக்ஸுக்கும் அழைப்பிதழுக்கும் 22,000. சாப்பாட்டுக்கு 24,000. சால்வை, கேடயம், சிறப்பு விருந்தினர்களுக்குக் கார் வாடகை என்று 30,000. இத்தனையும் போக மிஞ்சியது 9,000. கும்மியடிக்கும் பெண்கள், ஒயிலாட்டக்காரர்கள், உறுமியும் தப்பும் வாசிப்பவர்கள் என்று நாற்பது பேருக்கும் சேர்த்து நான் ஒதுக்கியிருந்த தொகை அதுதான்.

நத்தம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்று என்று அடுத்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக் கை பழகியிருந்தது. ஊர்க் கலைவிழாவுக்கு நிதி கேட்பதும் அப்படித்தான், கட்டங்களை நிரப்பினால் போதும் என்று நினைத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து இரண்டு வரியில் மறுப்பு வந்தது. அதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் மறுப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. செலவுக் கணக்கை வாசிக்கச் சொன்னார். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஆட வர்றவளுக்கு ஆளுக்கு எம்புட்டுத்தா வருது?" என்றார். வகுத்துப் பார்த்தேன். 225 ரூபாய். "புளி உடைக்கப் போனா அதவிடக் கூடக் கெடைக்குமே" என்றார்.

அம்மா எங்கள் ஊரில் முளைப்பாரிக்குப் பாட்டெடுத்துக் கொடுப்பவர். கரந்தமலைப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. அவருடைய அந்தக் கேள்வியிலிருந்துதான் எனக்கு இந்த வேலை பிடிபட ஆரம்பித்தது. ஆறு ஆண்டுகளில் ஏழு விண்ணப்பங்கள் எழுதியிருக்கிறேன். மூன்றுக்கு நிதி கிடைத்தது. கிராமத்தில் இதே போல ஒரு சிறு விழாவுக்குப் பணம் தேடுகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால், கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

நத்தம் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். கரந்தமலையிலிருந்து கன்னிமார் தீர்த்தம் வந்து, காப்புக் கட்டி, பால்குடம், அக்கினிச்சட்டி, வழுக்கும் பூச்சு தடவிய கழுமரம், பூக்குழி என்று நடக்கும் அந்த நாட்களில் ஊர் ஜனத்தைத் தாங்காது. அதற்கு யாரும் மானியம் தர வேண்டியதில்லை. நேர்த்திக்கடன்தான் அதன் முதலீடு. ஆனால் சுற்றியிருக்கும் சிறிய ஊர்களில் நிலைமை வேறு. அங்கே அம்மன் பொங்கல் நிற்கவில்லை. அதைச் சுற்றியிருந்த கும்மியும் ஒயிலும் உறுமியும்தான் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. அந்த இடத்தில் ஆடல் பாடல் நிகழ்ச்சி வந்தது, சினிமாப் பாட்டு வந்தது. இளைஞர்களைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. அவர்கள் கண்ணுக்கு நாம் வேறு எதைக் காட்டினோம்?

ஊர்த் திருவிழாவுக்குப் பணம் சேரும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு விண்ணப்பம் எழுதக் கற்றுக் கொடுத்தது அந்த முறைதான். கல்யாணமான ஆண் உள்ள வீடு ஒரு தலைக்கட்டு. ஊர்க்கூட்டத்தில் செலவைக் கணக்கிட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரிப்பார்கள். திருப்பூரில் இருப்பவரும் சென்னையில் இருப்பவரும் வரியை அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் வரி கொடுத்தால்தான் ஊரில் அவர் பெயர் இருக்கும். பெரிய கோயில்களில் இதற்கு மேல் மண்டகப்படி உண்டு. ஒரு நாள் செலவை ஒரு குடும்பமோ ஒரு சமூகமோ ஏற்றுக்கொள்ளும். அன்றைக்கு அவர்களுக்கு மரியாதை, மாலை, முதல் தீபாராதனை. மறுநாள் வேறு ஒருவர். எவ்வளவு பெரிய மண்டகப்படிக்காரராக இருந்தாலும் திருவிழா அவருடையதாகிவிடாது. எல்லாம் முடிந்த பிறகு கோயில் முன்னால் உட்கார்ந்து வரவு செலவு நோட்டைச் சத்தமாக வாசிப்பார்கள். தேங்காய்க்கு எவ்வளவு, பந்தத்துக்கு எண்ணெய் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக. யார் வேண்டுமானாலும் இடைமறித்துக் கேட்கலாம்.

நிதி தருகிறவர்கள் படிவத்தில் சமூகப் பங்களிப்பு, வெளிப்படைத்தன்மை, நீடித்த நிலை என்று பெரிய சொற்களில் கேட்பது எல்லாமே இந்த நோட்டுக்குள் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் பணத்தை நாம் ஒரு மண்டகப்படியாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மொத்தத் திருவிழாவையும் அதன் தலையில் கட்டினால், அது வராத வருஷம் திருவிழாவே இருக்காது.

இரண்டாவது விண்ணப்பத்தில் கேட்டது 60,000 ரூபாய். கும்மிப் பெண்கள் 22 பேருக்கு ஆளுக்கு 1,000. ஒயிலாட்டம் 12 பேருக்கு ஆளுக்கு 1,000. உறுமி, தப்பு வாசிக்கும் 6 பேர் கும்மிக்கும் வாசிக்க வேண்டும், ஒயிலுக்கும் வாசிக்க வேண்டும். அதனால் ஆளுக்கு 1,500. எட்டு நாள் பயிற்சியில் டீ, வடைக்கு 5,000. விழா அன்று சாப்பாட்டுக்கு 6,000. மைக்செட் 4,000. பாட்டுகளை அச்சடிக்க 2,000. கலைஞர்கள் கைக்கு நேராகப் போவது மட்டும் 43,000. மேடை இல்லை. சால்வை இல்லை. பந்தலையும் தண்ணீரையும் ஊர் பார்த்துக்கொள்ளும் என்று எழுதி, ஊர்க்கூட்டத் தீர்மானத்தின் நகலை இணைத்தேன்.

எழுதிய விதமும் மாறியது. முதல் விண்ணப்பத்தில் "அழிந்து வரும் பாரம்பரியக் கலைகளைப் பாதுகாத்தல்" என்று தொடங்கியிருந்தேன். அந்த வாக்கியத்தை எந்த ஊர்க்காரரும் எழுதிவிடலாம். இரண்டாவதில் முதல் வரி இது: "எங்கள் ஊரில் முளைப்பாரிப் பாட்டை முழுதாக அறிந்தவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களில் இளையவருக்கு வயது 58." பிறகு, விதை போடும் நாளிலிருந்து பாரி கரைக்கும் நாள் வரை எந்தெந்த இரவில் என்னென்ன பாட்டு, யார் எடுத்துக் கொடுப்பார், யார் வாங்கிப் பாடுவார், எது மறந்துவிட்டது என்று ஒரு பக்கம். நிதி தந்த அறக்கட்டளையிலிருந்து வந்து பார்த்த அம்மையார், அந்த முதல் வரிக்காகத்தான் மேற்கொண்டு படித்ததாகச் சொன்னார்.

இதில் ஒரு யோசனை. முதலில் தமிழில் எழுதுங்கள். நேரே ஆங்கிலத்தில் எழுதப் போனால் கும்மி, ஒயில், கோலாட்டம் எல்லாமே ஒரே கிராமிய நடனமாகிவிடும். பெங்களூரில் 1993இல் தொடங்கிய இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் போன்ற சில நிறுவனங்கள் எந்த இந்திய மொழியில் எழுதினாலும் விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்கின்றன. ஆங்கிலம்தான் வேண்டும் என்கிற இடத்துக்கும், தமிழ்ப் பிரதியை வைத்துக்கொண்டு தெரிந்த ஆசிரியர் ஒருவரை மொழிபெயர்க்கச் சொன்னால் விவரம் தப்பாது. யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை ஒருமுறை படித்து வைத்துக்கொள்வதும் நல்லது. இந்தியா அதில் 2005இல் சேர்ந்தது. ஒரு சமூகம் தன் மரபு என்று எதை ஏற்றுக்கொள்கிறதோ அதுவே மரபு, அது தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வர வேண்டும் என்கிறது அந்த ஒப்பந்தம். எங்கள் ஊர் முளைப்பாரிக்கு அதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

மேடை இல்லை என்றேன். அதற்குச் சிக்கனம் மட்டும் காரணமில்லை. முதல் ஊர்க்கூட்டத்தில், உறுமியும் தப்பும் வாசிப்பவர்கள் மேடைக்குக் கீழே நிற்கட்டும் என்று ஒரு பெரியவர் சொன்னார். சொன்னவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வழக்கத்தைச் சொல்வது போலச் சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் அன்று பேசவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. இழவு வீட்டிலும் கோயிலிலும் பல தலைமுறையாக வாசித்தவர்களுக்கு, அந்த வாசிப்பையே காரணம் காட்டி இடம் மறுத்த ஊர்கள் நம்முடையவை. மரபு, மரபு என்று நாம் பேசும்போது இதுவும் அந்த மரபோடு சேர்ந்துதான் வருகிறது. நிதி விண்ணப்பத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.

கும்மி வட்டமாக நின்று ஆடுவது. அதற்கு மேடை எதற்கு? பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் களத்தில், தரையில், வட்டத்துக்கு நடுவில் உறுமிக்காரர்கள் என்று முடிவு செய்தோம். கீழே நிற்கவும் மேலே நிற்கவும் இடமே இல்லாமல் போயிற்று. சாப்பாடு இன்னும் கடினமான விஷயம். "கலைஞர்கள் அனைவரும் ஊராரும் ஒரே பந்தியில் உண்பார்கள்" என்று விண்ணப்பத்திலேயே ஒரு வரி சேர்த்தேன். நிதி ஒப்புதல் கடிதத்தில் அது நிபந்தனையாகத் திரும்பி வந்தது. அந்தக் கடிதத்தை ஊர்க்கூட்டத்தில் வாசித்தேன். முணுமுணுப்பு இருந்தது. ஆனால் பந்தி ஒன்றாகத்தான் நடந்தது. உறுமி வாசிக்கும் பெரியவர் இலையில் உட்கார்ந்து, பரிமாற வந்த என்னைப் பார்த்து, "தாயி, நம்ம ஊருக்குள்ள இப்படி ஒக்காந்து திங்குறது எனக்கு இதான் மொத தடவ" என்றார். அவருக்கு அப்போது வயது 67. ஊரில் தனியாக நின்று சொல்ல முடியாத ஒன்று உங்களிடம் இருந்தால் அதை விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். கடிதமாகத் திரும்பி வரும்போது அதற்கு வேறு பலம் இருக்கிறது.

நாடகம் போடலாமே என்று பலர் கேட்டார்கள். நத்தம், மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டாரம் முழுக்க இசை நாடகத்தின் மண். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்த வள்ளித் திருமணமும் சத்தியவான் சாவித்திரியும் இன்றும் இங்கே கோயில் விழாக்களில் விடிய விடிய நடக்கின்றன. அவர் மறைந்த அடுத்த ஆண்டு, 1923இல் தொடங்கிய நடிகர் சங்கம் மதுரையில் இருக்கிறது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரிபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர், ஆர்மோனியம் வேறு ஊர். தனித்தனியாகப் பேசி வைத்து, ஒத்திகை இல்லாமல் அன்றிரவே மேடையில் சந்தித்து ஆடிவிடுவார்கள். அந்தத் திறமையை நினைத்தால் எனக்கு எப்போதும் பிரமிப்பு.

ஆனாலும் நாடகத்தை மானியத்தில் சேர்க்க வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொன்னேன். நாடகத்துக்கு ஊர் தன் வரியிலிருந்து பணம் கொடுக்கிறது. நாடகம் இல்லாவிட்டால் விழா நிறையாது என்ற எண்ணம் ஊருக்கு இருக்கிறது. முளைப்பாரிப் பாட்டுக்கு யாரும் ஒரு காசு கொடுத்ததில்லை. பெண்கள் ராத்திரி வேலை முடித்து வந்து பாடிவிட்டுப் போவதுதானே என்று இருந்துவிட்டோம். யாரும் பணம் தராத இடத்துக்குத்தான் சின்ன மானியம் போக வேண்டும். இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக்கென்று ஆண்டுக்கு 15 நாள் வரை, அதுவும் நள்ளிரவு 12 வரைதான், மாநில அரசு தளர்த்தலாம். நிதி தருகிறவர்கள் காவல் நிலைய அனுமதி நகலைக் கோப்பில் கேட்பார்கள். மாலை 5 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் முடியும் நிகழ்ச்சியாக இருந்தால் இந்தக் கவலையே இல்லை. கைக்குழந்தைக்காரிகளும் வந்துவிட்டுப் போகலாம்.

தேதியில் நான் ஒருமுறை சறுக்கினேன். மாசியில் வைத்தால் கூட்டம் இருக்கும் என்று நினைத்தேன். மாசி என்பது நிதியாண்டு முடியும் நேரம். பணம் மார்ச் கடைசி வாரம் கணக்கில் ஏறியது, விழாவோ மூன்று வாரத்துக்கு முன்பே முடிந்திருந்தது. ஒப்புதல் கடிதத் தேதிக்கு முன்னால் செய்த செலவை ஏற்க மாட்டோம் என்றார்கள். அவர்கள் விதிப்படி அது சரிதான். 11,000 ரூபாயை நாங்கள் ஊரில் வசூலித்து ஈடுகட்டினோம். அதோடு தையிலிருந்து பங்குனி வரை எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் புளி வேலை. சித்திரை தொடங்கினால் மாங்காய். தீபாவளிக்கு முன்னால் வீட்டுக்கு வீடு சட்டை தைக்கும் வேலை, நத்தம் ரெடிமேட் சட்டை அப்போதுதான் ஊர் ஊராகப் போகும். பயிற்சிக்கு வருகிற பெண்ணுக்கு அன்றைய கூலி போகிறது என்பதை மறந்து தேதி குறிக்கக் கூடாது. எல்லாவற்றையும் தட்டிக் கழித்துப் பார்த்ததில் எங்களுக்கு ஒத்துவந்தது ஆடிக் கடைசி. உங்கள் ஊருக்கு அது வேறாக இருக்கும். அங்கே வேலை செய்கிற பெண்களிடம் கேளுங்கள், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் பஞ்சாங்கத்தைத்தான் பார்ப்பார்கள்.

பதிவு, கணக்கு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். பதிவதோடு முடியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பொதுக்குழு கூட்டி, கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நாங்கள் இரண்டு ஆண்டு விட்டுவிட்டு, பிறகு அபராதம் கட்டி, திண்டுக்கல்லுக்கு ஐந்து முறை அலைந்தோம். சங்கத்தின் பெயரில் பான் கார்டு, இருவர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு, மத்திய அரசு நிதி கேட்பதென்றால் தர்ப்பண் தளத்தில் பதிவு எண், இவை முன்கூட்டியே கையில் இருக்கட்டும். எங்கள் முதல் ஏழு பேரும் ஆண்கள். கும்மிக்கு நிதி கேட்கிற சங்கத்தில் கும்மியடிக்கிற ஒருத்திகூட இல்லையே என்று ஒரு நேர்காணலில் கேட்டார்கள். இப்போது மூன்று பெண்கள் இருக்கிறார்கள், பொருளாளர் அவர்களில் ஒருவர்.

மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் நிகழ்ச்சி மானியத்துக்கு வழக்கமான உச்சவரம்பு 5 லட்சம் ரூபாய். முக்கால் பங்கு முதலில் வரும். நிகழ்ச்சி முடிந்து கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் கொடுத்த பிறகு மீதிக் கால் பங்கு. பெரிய தொகை என்று ஆசைப்படுவதற்கு முன்னால் அந்தக் கால் பங்கை யார் கையிலிருந்து போடுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குழு பந்தல்காரருக்குப் பாக்கி வைக்கக் கூடாது என்று வட்டிக்கு வாங்கியது. மீதிப் பணம் வருவதற்குள் வட்டி அதில் பாதியைத் தின்றுவிட்டது. கலைஞர்களுக்கான பணத்தை முதல் தவணையிலேயே கொடுத்து முடித்துவிட வேண்டும். காத்திருக்க வேண்டி வந்தால் அது நாமாக இருக்கட்டும்.

பணம் கொடுத்ததற்கு ரசீது என்பது கிராமத்தில் ஒரு தனிப் பாடம். உறுமிக் குழுவுக்கு மொத்தமாக 9,000 ரூபாயைப் பெரியவர் கையில் கொடுத்து, ஒரே தாளில் கையெழுத்து வாங்கினேன். 5,000 ரூபாய்க்கு மேல் போகிற ரசீதுக்கு ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை, மறந்துவிட்டேன். தணிக்கையாளர் அந்தத் தாளைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். மறுபடி ஆறு வீட்டுக்கும் நடந்தேன். அதைவிடப் பெரிய தவறு, மொத்தமாகக் கொடுத்ததே. அந்தப் பெரியவர் நேர்மையானவர், அதனால் பிரச்சினை வரவில்லை. எல்லாக் குழுவிலும் அப்படி அமையாது. அடுத்த முறையிலிருந்து ஒவ்வொருவர் கணக்குக்கும் தனித்தனியாகப் பணம் போனது. ஆதாரில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் ஒரு பெயர், தெருவில் கூப்பிடுகிற பெயர் வேறு. நாற்பது பேரில் பதினோரு பேருக்கு இந்தச் சிக்கல். பயிற்சியின் முதல் நாளே எல்லோருடைய வங்கிப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிட்டேன். கை வசம் கடை இருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஜெராக்ஸ் இன்னொரு வழியைத் திறந்தது. தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இல் ஏற்பட்டது. அதில் உறுப்பினராக இருந்தால் பிள்ளைகள் படிப்புக்கும் திருமணத்துக்கும் உதவித்தொகை உண்டு. எங்கள் ஒயிலாட்டக் குழுவில் ஒருவரிடம்கூட வாரிய அட்டை இல்லை. கரகம், நையாண்டி மேளம் என்று வெளியூர் போய் ஆடுகிறவர்களுக்குத்தான் அது என்று நினைத்திருந்தார்கள். விழா அன்று களத்து ஓரம் ஒரு மேசை போட்டு, புகைப்படம் எடுத்து, விண்ணப்பம் எழுதி, மதுரையில் இருக்கும் கலை பண்பாட்டுத் துறை மண்டல மையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். திண்டுக்கல் மாவட்டத்துக்கு அதுதான் அலுவலகம். இயல் இசை நாடக மன்றம் இசைக்கருவி, ஆடை வாங்க நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நிதி தருகிறது. மாவட்ட அளவில் வயதுக்கு ஏற்ப கலை இளமணியிலிருந்து கலை முதுமணி வரை ஐந்து விருதுகள் உண்டு. இவற்றுக்கெல்லாம் கலைஞர் ஆடியதற்கு ஆதாரம் கேட்பார்கள். நோட்டீஸ், புகைப்படம், சான்றிதழ். எங்கள் விழா நோட்டீஸில் நாற்பது பேர் பெயரையும் அச்சடித்தோம். சிறப்பு விருந்தினர் பெயர் அதில் கிடையாது. அந்த ஒரு தாளை வைத்துப் பிறகு எத்தனை விண்ணப்பம் போயிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் நிறைவாக இருக்கிறது.

இன்னொரு தவறையும் மறைக்கக் கூடாது. பயிற்சியின்போது ஒரு பையன் செல்போனில் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டான். வேலை முடித்து வந்த சேலையோடு, கலைந்த தலையோடு பாடிக்கொண்டிருந்த பெண்கள். இரண்டு நாளில் அது அவர்கள் வீடுகளுக்கே திரும்பி வந்தது, அசிங்கமான பேச்சுகளோடு. நான்கு பெண்கள் மறுநாள் வரவில்லை. அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். பையனையும் கூட்டிக்கொண்டு போனேன். அதன் பிறகு பயிற்சியைப் படம் பிடிப்பதில்லை. விழாவைப் பிடிப்பதற்கும், அதை யாருக்குக் காட்டலாம் என்பதற்கும் பாடுகிறவர்களே முடிவு சொல்வார்கள். நிதி தருகிறவர்கள் காணொளி கேட்டால் இந்த முறையையும் எழுதி அனுப்புங்கள், அவர்கள் புரிந்துகொள்கிறார்கள். பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கு மேலும் பாடியவர் பெயர் இருக்கிறது. நா. வானமாமலை (1917–1980) போன்றவர்கள் நாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால் எத்தனையோ காணாமல் போயிருக்கும். அந்த வேலையை இன்று ஒவ்வோர் ஊரும் தனக்குத் தானே செய்துகொள்ள முடியும். நூறு பிரதிக்கு எங்களுக்கு ஆன செலவு 2,000 ரூபாய்தான்.

போன வருஷம் எங்களுக்கு நிதி வரவில்லை. இரண்டு இடத்தில் கேட்டோம், இரண்டும் மறுத்துவிட்டன. ஆடி பிறந்தும் நான் யாரிடமும் பேச்செடுக்கவில்லை. பொருளாளராக இருக்கிற அந்தப் பெண்தான் கடைக்கு வந்தார். "என்னக்கா, பயிற்சி எப்ப வச்சுக்கலாம்?" என்று கேட்டார். பணம் இல்லை என்றேன். "தெரியும்க்கா. நாங்க மகளிர் குழுவுல பேசிட்டோம். வீட்டுக்கு அம்பது ரூவா. ஆம்பளைக தலைக்கட்டுக் கணக்கு இல்ல, அடுப்புக் கணக்கு" என்றார். விதவை வீடு, தனியாக இருக்கும் கிழவி வீடு, எல்லாமே அடுப்புதான். 212 அடுப்பு. 10,600 ரூபாய்.

அந்தப் பணத்தில் ஆளுக்கு 1,000 கொடுக்க முடியாது. உறுமி, தப்புக்காரர்கள் ஆறு பேருக்கும் மட்டும் ஆளுக்கு 1,500 குறையாமல் கொடுத்துவிட வேண்டும் என்று பெண்களே முடிவு செய்தார்கள். அது 9,000. மிச்சம் 1,600 ரூபாயில் டீத்தூள், சர்க்கரை, பால். சாப்பாட்டுக்கு அவரவர் வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்து களத்தில் ஒன்றாகக் கொட்டி எடுத்துக்கொண்டார்கள். மைக்செட் இல்லை.

மைக்செட் இல்லாததால் சுற்றி நின்றவர்களுக்குப் பாட்டு கேட்கவில்லை. அதனால் நெருங்கி வந்தார்கள். வட்டம் இரண்டாகி மூன்றானது. அம்மா பாட்டெடுத்துக் கொடுத்தார், இப்போது குரல் அவருக்கு அதிக தூரம் போவதில்லை. இரண்டாம் வட்டத்தில் நின்ற ஒன்பதாம் வகுப்புப் பெண் அதை வாங்கித் தன் பின்னால் நின்றவர்களுக்காக உரக்கச் சொன்னாள். ஒரு வரியை மாற்றிச் சொல்லிவிட்டாள். அம்மா கை தட்டுவதை நிறுத்தாமலே திரும்பி, "அது இல்லடி, மறுக்காச் சொல்லு" என்றார். அவள் மறுபடியும் சொன்னாள்.